பாய்மரப் படகுல போன கதைய புக்கா போட்டாச்சு, வடசென்னைல எப்படி விக்கறது?

தண்டையார்பேட்டை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நானும் எங்க வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆனப்புறம் மலேசியா லங்காவில ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினோம், அது டூட்டி ஃப்ரீ தீவு, செகண்ட்ஹேண்ட் யாட் நிறைய விலைக்கு வரும். அதுல தாய்லாந்து பக்கம் சுத்திட்டு, வாடைக்காத்து நிலைச்சு அடிக்கற ஜனவரியா பாத்து கடலை குறுக்கால தாண்டி இலங்கைல காலிங்கற (Galle) ஊரோட துறைமுகம் வரைக்கும் வந்தோம். ஆயிரம் கடல் மைலுக்கு மேல, எங்க படகு மணிக்கு அஞ்சு மைல் போனாலே பெருசு, எத்தன நாள் கரைய பாக்காம இருந்திருப்போம்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அவரு கப்பல்ல இன்ஜினியரா இருந்தவரு, எனக்கு கடலோட சம்பந்தம்னா காசிமேட்டுல மீன் வாங்கறதோட சரி.

எல்லாத்தையும் தமிழ்ல எழுதி சொந்த காசுல பிரிண்ட் போட்டு, புக்குக்கு குடுக்கற அடையாள நம்பர் ISBN கூட வாங்கிட்டோம், அது இலவசம்தான். சொந்தக்காரங்க எல்லாம் வாங்கியாச்சு, அதாவது ஓசில வாங்கியாச்சு. மிச்சம் கட்டிலுக்கு அடில இருக்கு. ஒரு கடைல நாப்பது பர்சன்ட் கழிவு கேக்கறாங்க, அதுவும் வித்தப்புறம்தான் காசாம். புக் ஃபேர்ல ஸ்டால் எடுக்கலாமான்னு இவரு ஒத்தக்கால்ல நிக்கறாரு. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பழைய பேப்பர்:
மேடம், ஒரே ஒரு புக்குக்கு ஸ்டால் எடுக்காதீங்க, சார் கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. புக் ஃபேர் நடத்தற பபாசி சங்கத்துல மெம்பரா இருக்கற பதிப்பகங்களுக்குதான் முதல்ல இடம், அப்படியே கிடைச்சாலும் வாடகை வராது. பயண நூல் போடற பதிப்பகம் ஏதாவது ஒண்ணுகிட்ட பேசி அவங்க ஸ்டால்ல வைங்க, சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் அங்கேயே நில்லுங்க. எழுதினவங்க நேர்ல நின்னா பக்கத்தை புரட்டிப் பாக்கறவன் அவ்ளோ சீக்கிரம் கீழ வைக்க மாட்டான். தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறினா வண்டி மாறாம புக் ஃபேர் நடக்கற நந்தனம்தான், மூட்டை தூக்கற வேலை மிச்சம். நாப்பது பர்சன்ட் எல்லாம் கடைக்காரங்க வழக்கமா கேக்கறதுதான், அதுக்காக கோச்சுக்காதீங்க, ஆனா எத்தன காப்பி குடுத்தோம்னு கையெழுத்து வாங்கி வைங்க.

அப்புறம் ஒரு விஷயம் நிறைய பேர் விட்டுடுவாங்க, 1954 சட்டப்படி புக் போடறவங்க கன்னிமாரா லைப்ரரிக்கும் கொல்கத்தா நேஷனல் லைப்ரரிக்கும், மும்பை, டெல்லில இருக்கற ரெண்டு லைப்ரரிக்கும் காப்பி அனுப்பணும், சொந்தமா போட்டவங்களும் பதிப்பாளர்தான். காசு வராது, ஆனா புக் அங்க நிலைச்சு நிக்கும்.

காசிமேடு பையன்:
இன்னா டீச்சர், வடசென்னைல எப்டி விக்கறதுன்னு கேட்டுட்டு நந்தனத்துக்கு அனுப்பறாரு அண்ணன். பாய்னு சொன்னாலே எங்க தாத்தாதான் ஞாபகம் வர்றாரு, கட்டுமரத்துல பாய் வச்சி ஓட்னவரு, இப்ப எல்லாம் மோட்டார்தான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு எந்த காத்து எப்ப வரும்னு எங்க வீட்ல கேலண்டரவிட கரெக்டா சொல்வாங்க. நீங்க காத்தப் பத்தி இன்னா எழுதிக்கிறீங்கன்னு படிக்கவே ஒரு கூட்டம் இங்க கீது.

ஆனா ஒண்ணு, எங்காளுங்க முன்னாடி சாகசம் கீகசம்னு போஸ்டர் அடிச்சினு வராதீங்க, சிரிப்பாங்க, அவங்களுக்கு அது டெய்லி டூட்டி. புயலுக்கு எப்டி பாய சுருக்கனீங்க, ராத்திரி கப்பல் வந்தா எப்டி ஒதுங்கனீங்க, அத்த சொல்லுங்க, நாலு பேரு மடக்கி கேள்வி கேப்பாங்க, அதுதான் மஜா. ஏப்ரல் 15லந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், லாஞ்சு, அதான் பெரிய விசைப்படகு எல்லாம் கட்டி கெடக்கும், வலை பின்னிக்கினு போட்டுக்கு பெயிண்ட் அடிச்சிக்கினு இருப்பாங்க, அப்ப வந்தீங்கன்னா பேச நேரம் கீது. கையில காசு கம்மியா இருக்கற டைம், எல்லாரும் வாங்குவாங்கன்னு நெனைக்காதீங்க. காலேஜ் போற பசங்க வாங்குவாங்க, அவங்க அப்பாவுக்கு படிச்சி காட்டுவாங்க.

கொருக்குப்பேட்டை வாசகி:
அக்கா, தம்பி சொல்றது சரி. ஆனா என்னை மாதிரி ஆளுங்களுக்கு துறைமுகம் பேரெல்லாம் வேணாம், புருஷனும் பொண்டாட்டியும் அவ்ளோ சின்ன இடத்துல எப்படி சண்டை போட்டீங்க, சமையல் யாரு, தூக்கம் எப்படி, அதுதான் வேணும். அந்த மாதிரி ஒரு பக்கத்த நீங்களே படிச்சு போன்ல வீடியோ எடுத்து போடுங்க, சார் கேமரா பிடிக்கட்டும். கேர்ள்ஸ் ஸ்கூல்ஸ்லயும் கேளுங்க. நம்ம புதுச்சேரி ரூபா அழகிரிசாமி, நேவில இன்னொரு பொண்ணோட தாரிணி படகுல 2024 அக்டோபர்ல கிளம்பி 2025 மே மாசம் உலகத்தையே சுத்திட்டு வந்தாங்கல்ல, அத சொல்லி ஆரம்பிச்சா பிள்ளைங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

தண்டையார்பேட்டை டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாசகிக்கு பதில், ஆளுக்கு மூணு மணி நேரம் முறை போட்டு முழிச்சோம், அவரு தூங்கினா நான் சுக்கான், அதனால சண்டை போட ரெண்டு பேரும் ஒண்ணா முழிச்சிருந்தாதானே. ஸ்டவ் ஊஞ்சல் மாதிரி மாட்டியிருக்கும், படகு சாஞ்சாலும் சட்டி நேரா நிக்கும், குக்கர் மூடியதான் கையால பிடிச்சுக்கணும். இலங்கைக்கு தெக்கால டோண்ட்ரா முனை கிட்ட மலாக்காவுக்கும் சூயஸுக்கும் போற கப்பலெல்லாம் வரிசையா வரும், அந்த ராத்திரி மட்டும் ரெண்டு பேருமே தூங்கல, சண்டையும் அன்னிக்குதான், அது பெரிய அத்தியாயமாவே இருக்கு, அதையே வீடியோல படிக்கறேன். ஸ்டால் ஐடியாவ அவரு அரை மனசா விட்டுட்டாரு. தம்பி, தடைக்காலத்துல வர்றோம், எந்த கிழமை வச்சா நல்லது? ஞாயிறு காலைல அவருக்கு வசதி.

காசிமேடு பையன்:
ஐயோ டீச்சர், ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம். லாஞ்சு போவலன்னாலும் தடை இல்லாத சின்ன பைபர் படகெல்லாம் போய்க்கினுதான் இருக்கும், ஊரே மீன் வாங்க வந்து நிக்கும், உங்க மைக்க அந்த ஏலச் சத்தத்துல எவன் கேப்பான். வார நாள் சாயங்காலம் வைங்க, டீக்கு நான் சொல்லிக்கறேன். சாரையும் இட்டாங்க, இன்ஜின் ரிப்பேர் கேக்கறதுக்குன்னே நாலு பேரு ரெடியா இருப்பாங்க.