பாரிஸில் நான்கு பேர் சாப்பிட நாளொன்றுக்கு 60 யூரோ போதுமா?

காவிரிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு பாரிஸ் போகிறோம்; ஒரு வாரம் தங்கல். நானும் கணவரும், பதினான்கு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். சமையலறை உள்ள சிறிய வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். விமானம், விசா எல்லாம் முடிந்துவிட்டது. இழுபறியாக நிற்பது சாப்பாட்டுச் செலவு ஒன்றுதான். யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, நாளுக்கு 60 யூரோ, அதாவது ஆறாயிரம் ரூபாய் தாராளம் என்கிறார் கணவர். எனக்குப் போதாது என்று தோன்றுகிறது. கோழி, மீன் சாப்பிடுவோம். மாடும் பன்றியும் வேண்டாம். போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சிக்கனம்:
போதும், சகோதரி. உங்கள் கணவர் சொல்வது சரி. காலையில் பேக்கரியில் இரண்டு பகெத் (நீள ரொட்டி) வாங்குங்கள், ஒன்று 1.30 யூரோவை ஒட்டி இருக்கும். முட்டை, வெண்ணெய், பால், பழம் சேர்த்தால் நால்வருக்கும் 8 யூரோவில் காலை முடிந்தது. மதியம் அதே பேக்கரியில் கோழி அல்லது சூரை மீன் வைத்த சாண்ட்விச், ஆளுக்கு 6 யூரோ. இரவு வீட்டில் சோறும் குழம்பும். 12 யூரோவுக்கு மேல் போகாது. மொத்தம் 44. மிச்சத்தில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம்கூட வாங்கலாம்.

உணவகத்தில் உட்கார்ந்து ஒரு இரவு சாப்பிட்டால் நால்வருக்கு 100 யூரோ. லூவர் அருங்காட்சியகத்தில் 2026 தொடக்கத்திலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வரும் பெரியவர்களுக்கு 32 யூரோ கட்டணம். பதினெட்டு வயதுக்குக் கீழ் இலவசம் என்பதால் உங்களுக்கு 64 யூரோவோடு போகும். நம் ஊரில் இல்லாதது அந்த லூவர்தான். காசை அங்கே செலவழியுங்கள்.

ஊர்சுற்றி:
சிக்கனம் ஐயாவின் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அந்த இரவுச் சோற்றை யார் வடிப்பது? காலை முதல் நடந்து கால் கடுத்து எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெண்மணி அடுப்பு மூட்டி, சமைத்து, பாத்திரமும் கழுவ வேண்டுமா? இந்தப் பயணத்தில் அவருக்கு மட்டும் விடுமுறை கிடையாதா? அதற்கு விலை போடாமல் 44 யூரோ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

தோழி, நீங்கள் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றுங்கள். வார நாட்களில் பல உணவகங்களின் வாசலில் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் 'ஃபோர்முல்' என்று எழுதி விலை போட்டிருப்பார்கள். முன்னுணவும் முக்கிய உணவும், அல்லது முக்கிய உணவும் இனிப்பும். பெரும்பாலும் 17 முதல் 22 யூரோ. அலுவலகம் போகிறவர்களுக்காகப் போடுவது என்பதால் தரமும் குறையாது. அதே கடையில் இரவு போனால் முக்கிய உணவு மட்டுமே அந்த விலைக்கு வந்துவிடும். மதியம் நன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் இரவுக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி போதும், அடுப்பே வேண்டாம்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால் 'புய்யோன்' வகை உணவகங்கள். தொழிலாளர்கள் குறைந்த விலையில் சூடாகச் சாப்பிடுவதற்காக 19ஆம் நூற்றாண்டில் தோன்றியவை. 1896இல் தொடங்கிய புய்யோன் ஷார்த்தியே இன்றும் நடக்கிறது. மேசைமீது விரித்த காகிதத்திலேயே பரிசாரகர் நீங்கள் கேட்டதை எழுதி, கடைசியில் அங்கேயே கூட்டிப் போட்டுவிடுவார். முட்டை மயோனெஸ் 3 யூரோவுக்குள். வரிசை நீளம், பன்னிரண்டுக்கு முன்பே போய் நின்றுவிடுங்கள்.

சிக்கனம்:
சமையலைப் பெண்மணி தலையில் கட்டச் சொல்லவில்லை. கணவரும் பதினான்கு வயதுப் பிள்ளையும் சோறு வடிக்கட்டுமே. அது வீட்டுக்குள் தீர்க்க வேண்டிய விஷயம், உணவகத்துக்குப் பணம் கட்டித் தீர்க்க வேண்டியதில்லை.

உங்கள் மதியக் கணக்குக்கு வருகிறேன். குழந்தைகளுக்கான தனிப் பட்டியல் பெரும்பாலான கடைகளில் பத்து, பன்னிரண்டு வயதோடு முடிந்துவிடும். ஆகவே மூன்று பேருக்கு முழு விலை. 19 வீதம் 57. சின்னவருக்கு 12. ஆக 69. ஒரே ஒரு மதியச் சாப்பாடு அவர்களுடைய முழு நாள் பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது! இதில் தண்ணீர், காபி, டிப்ஸ் எதையும் சேர்க்கவில்லை.

லாஷப்பல்வாசி:
பாரிஸில் பல காலமாக வசிக்கிறேன், உணவகச் சமையலறையில் வேலையும் பார்த்திருக்கிறேன். தண்ணீரும் டிப்ஸும் செலவே அல்ல, சிக்கனம் அண்ணா.

சாப்பிட உட்கார்ந்தவுடன் 'யூன் கராஃப் தோ' என்று கேட்க வேண்டும். குழாய்த் தண்ணீரைக் குடுவையில் வைப்பார்கள், காசு இல்லை. இலவசத் தண்ணீர் கேட்கலாம் என்பதை விலைப்பட்டியலில் அல்லது கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. வெறுமனே 'வாட்டர்' என்றால் புட்டித் தண்ணீர் வரும். அதற்கு 5, 6 யூரோ போய்விடும். சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடக்கம். அட்டை தேய்க்கும் கருவியில் டிப்ஸ் கேட்டுத் திரை வந்தால் பூச்சியம் போட்டுவிட்டு நிம்மதியாக எழுந்திருங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, வெளியே நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு விலை. இரண்டும் எழுதித்தான் இருக்கும். தெருவில் பச்சை நிற வாலஸ் குழாய்கள் உண்டு; பிள்ளைகளிடம் ஆளுக்கொரு புட்டி கொடுத்துவிடுங்கள், நிரப்பிக்கொள்ளலாம்.

அக்கா, சாமான் கட்டும்போது நெய், தயிர், பால்கோவா, உப்புக்கண்டம் எதுவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரத் தடை. விமான நிலையத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் கிடைக்கும்.

இரவுச் சண்டைக்கும் அங்கேயே தீர்வு இருக்கிறது. வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் நம்மவர்களின் சாப்பாட்டுக்கடைகள். தோசை, கொத்துரொட்டி, மரக்கறிச் சோறு என்று ஆளுக்கு 10 யூரோவை ஒட்டி வயிறு நிறையும். வீட்டில் யாரும் சமைக்கவும் வேண்டாம்.

ஊர்சுற்றி:
தண்ணீர் விஷயத்துக்கு நன்றி. ஆனால் லா ஷப்பல் மலிவு என்பதில் ரயில் காசையும் சேருங்கள். 2026 தொடக்கத்தில் மெட்ரோவில் ஒரு பயணம் 2.55 யூரோ ஆகிவிட்டது. நால்வர் போய்வர சுமார் 20. சாப்பாடு 40 என்றால் செலவு 60. அந்தப் பணத்துக்குத் தங்கும் தெருவிலேயே சாப்பிடலாம். அதுவும் தவிர, பாரிஸ் வரை வந்து தோசையா? அந்த ஊர்ச் சாப்பாட்டை ருசித்தால்தானே ஊருக்குப் போனதாக அர்த்தம்?

லாஷப்பல்வாசி:
வார பாஸ் எடுப்பவருக்கு அந்த 20 கிடையாது. திங்கள் முதல் ஞாயிறு வரைதான் அது செல்லும். ஆகவே திங்கள் அல்லது செவ்வாய் வந்து இறங்குகிறவர்களுக்கு லாபம், வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு நஷ்டம். அதைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

நீங்கள் கடைசியாகச் சொன்னதை ஏற்க மாட்டேன். எண்பதுகளில் போர் துரத்தி வந்தவர்கள் கடை கடையாகக் கட்டிய தெரு அது. நகரத்து உணவகங்கள் பலவற்றின் சமையலறையில் நம்மவர்கள் பாத்திரம் கழுவியும் வெங்காயம் நறுக்கியும், பின்னர் தலைமைச் சமையலாளராகியும் நின்றிருக்கிறார்கள். நீங்கள் ருசிக்கச் சொல்லும் பிரெஞ்சுச் சாப்பாட்டையே பல இடங்களில் சமைத்துத் தருவது அவர்கள்தான். ஐபெல் கோபுரம் போல அந்தத் தெருவும் பாரிஸ்தான். பிள்ளைகள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சைவக்குடும்பம்:
நாங்கள் சுத்த சைவம். எங்களுக்கு உதவியது இரண்டு. மாரே பகுதியில் ரோசியே தெருவின் ஃபலாஃபெல், 10 யூரோவை ஒட்டி, ஒன்றே ஒருவேளைக்குப் போதும். அங்கே யூதக் கடைகள் பல வெள்ளி மாலை தொடங்கிச் சனி முழுவதும் மூடியிருக்கும். அடுத்தது மோன்பர்னாஸ் பக்கம் பிரான்ஸின் பிரெத்தாஞ் பகுதி மக்கள் 'கறுப்புக் கோதுமை' எனப்படும் பக்வீட் மாவில் சுடும் அடை, 'கலெத்'. பாலாடைக்கட்டி மட்டும் வைக்கச் சொல்ல வேண்டும். 'கொம்ப்ளேத்' என்று கேட்டால் பன்றி இறைச்சியோடு வரும்.

காவிரிக்கரை அம்மா மாடு வேண்டாம் என்றதால் ஒன்று: வெங்காய சூப் பெயரில் வெங்காயம் இருந்தாலும் வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில்தான் வைப்பார்கள். சாலட்டில் 'லார்டோன்' என்றிருந்தால் பன்றித் துண்டு. கேட்டுவிட்டே வாங்குங்கள்.

ஊர்சுற்றி:
லாஷப்பல்வாசி சொன்னதை மதிக்கிறேன். ஒரு இரவு அங்கே போகட்டும். ஆனால் நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவைக்கும் முறையே வேண்டாம் என்பேன். வாரத்துக்கு ஒரே தொகை வையுங்கள். உணவகத்தில் மூன்று மதியம், 75 வீதம் 225. பேக்கரியில் நான்கு மதியம், 96. காலை உணவு ஏழு நாளுக்கு 56. லா ஷப்பல் இரவு 45. மற்ற ஆறு இரவுக்கும் எளிய சாப்பாடு, 15 வீதம் 90. ஐஸ்கிரீம், காபிக்கு 40. மொத்தம் 552.

சிக்கனம்:
420ஐ 552 ஆக்கிவிட்டீர்கள்! மூன்று மதியத்தை இரண்டாக்கினால் 500இல் நிற்கும். அலீக்ர் சந்தைக்கு மதியம் கடை கட்டும் நேரத்தில் போனால் பழமும் காய்கறியும் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். திங்கள் மட்டும் சந்தை கிடையாது. பழத்தையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு லக்சம்பர்க் பூங்கா நாற்காலியில் உட்காருங்கள். அதைவிட நல்ல சாப்பாட்டு மேசை அந்த ஊரில் எனக்குத் தெரியவில்லை.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. கணவரிடம் காட்டினேன். 552க்கு ஒத்துக்கொண்டார், ஆறு இரவில் மூன்று இரவு அவரும் பெரியவனும் சமைப்பதாகவும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தைக்கும் பூங்காவுக்கும் ஒரு மதியம் ஒதுக்கிவிட்டேன். உணவகத்து மூன்று மதியங்களை எந்தக் கிழமைகளில் வைக்கலாம்?

லாஷப்பல்வாசி:
செவ்வாய் முதல் வெள்ளி வரை வையுங்கள், அக்கா. சனி, ஞாயிறில் ஃபோர்முல் பல இடங்களில் கிடைக்காது. மே கடைசியில் பெந்தெகொஸ்தே திங்கள் விடுமுறை வந்தால் அன்றும் அப்படியே, நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், ஒரு மணிக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள்.