குரங்கு மனிதனைக் கண்டவர்கள், கேட்டவர்கள் எழுதுங்கள்: அது யாருடைய கதை?

ஏரிக்கரையான் (சரே, பிரிட்டிஷ் கொலம்பியா, கனடா)

கண்ணால் கண்டேன் என்று சொல்லமாட்டேன். சத்தம் கேட்டது, நாற்றம் அடித்தது, விடிந்த பிறகு தடம் இருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்த ஒரு பேச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாலு வருடத்துக்கு முந்திய செப்டம்பர். மூன்று குடும்பமாக ஹாரிசன் ஏரிப் பக்கம் போய்க் கூடாரம் அடித்திருந்தோம். அங்குள்ள பூங்காவுக்கே சாஸ்க்வாட்ச் என்றுதான் பெயர், காட்டில் திரிகிறதாகச் சொல்லும் ராட்சத ரோம மனிதனின் பெயர், அதனால் போகும்போதே பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கோழிக்கறிச் சட்டியைக் கழுவாமல் மேசையில் விட்டதுதான் நாங்கள் செய்த மடைத்தனம். இரவு இரண்டு மணி இருக்கும். மரத்தில் கட்டையால் அடிப்பதுபோல இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு நனைந்த நாயும் பழுதான மீனும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். மச்சான் ரோச் லைற்றைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, அதைப் போடப் பயந்து உட்கார்ந்திருந்தார். வெளியே எதுவோ மூச்சு வாங்கியது. ஒரு பருத்த மனுசன் படியேறி வந்து நிற்பானே, அந்த மாதிரி மூச்சு.

விடிய எழும்பிப் பார்த்தால் சட்டி இருபதடி தள்ளிக் கிடக்கிறது, விளக்கி வைத்ததுபோல. கரைச் சேற்றில் நீளமான ஒரு தடம். என் சப்பாத்தைப் பக்கத்தில் வைத்தேன், தடம் அரைச் சாண் கூட இருந்தது. ஐந்து விரல். மகன் துள்ளிய துள்ளலில் நானும் பாதி நம்பிவிட்டேன். படம் எடுத்து லண்டன், யாழ்ப்பாணம் வரை அனுப்பியாயிற்று.

அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர் என்னோடு வேலை செய்த ஒரு பெரியவர். ஸ்டஹேலிஸ் என்ற பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர், ஹாரிசன் ஆற்றங்கரை அவர்களின் பூர்வீக நிலம். போன் திரையை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். “இது ஒரு தடமில்லை, இரண்டு. முன்னங்கால் வைத்த இடத்திலேயே பின்னங்காலையும் வைத்திருக்கிறது. பெரிய விரல் எந்தப் பக்கம் இருக்கிறது, பார்.” பார்த்தேன். மனுசனுக்குப் பெருவிரல் உள்பக்கம். கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம்.

அப்படியென்றால் சாஸ்க்வாட்ச் பொய்தானே என்று கேட்டேன். போனைத் திருப்பித் தந்தார். “நீ காட்டியது கரடி. அதைத்தான் சொன்னேன். சாஸ்கெட்ஸைப் பற்றி நீ இன்னும் கேட்கவே இல்லையே.”

சாஸ்கெட்ஸ் என்பது அவர்களின் ஹல்கொமேலம் மொழிச் சொல். அந்தச் சமூகத்துப் பள்ளியில் படிப்பித்த ஜே. டபிள்யூ. பர்ன்ஸ் என்ற வெள்ளைக்கார ஆசிரியர் அவர்களிடம் கேட்ட கதைகளை 1929-ல் மக்லீன்ஸ் பத்திரிகையில் எழுதினார். சாஸ்க்வாட்ச் என்ற ஆங்கில உருவம் அவர் வழியாகத்தான் பரவியது. அவர் எழுதியதில் வருகிறவர்கள் குரங்குகளே இல்லை. உடம்பில் ரோமம் உண்டு, ஆள் ராட்சசன்தான், ஆனால் பேசுகிறவர்கள், குகையில் குடியிருக்கிறவர்கள். குரங்கு எப்போது வந்தது? 1958-ல், வட கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக் பக்கம் ரோடு போட்ட இடத்தில் பெரிய தடங்கள் கிடந்தன, உள்ளூர்ப் பத்திரிகை ‘பிக்ஃபுட்’ (பெரும்பாதம்) என்று பெயர் வைத்தது. அந்த வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் 2002-ல் இறந்தபோது, குடும்பத்தார் அவருடைய மரக்கால் அச்சுகளை வெளியே எடுத்துக் காட்டினார்கள். குரங்கு மாதிரி ஒன்று நடந்துபோவதாக இன்றைக்கும் எல்லோரும் பார்க்கிற, கேமரா ஆடுகிற அந்தப் படச்சுருளும் அதே ஓடைக்கரையில் 1967-ல் பிடித்ததுதான். தடம் ஓர் ஊரில், பெயர் கிட்டத்தட்டத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு வடக்கே வேறொரு சனத்திடமிருந்து. இரண்டையும் ஒட்டவைத்துவிட்டு, “பார், பழங்குடிகள் அப்போதே சொல்லியிருக்கிறார்கள்” என்கிறார்கள்.

பெரியவர் சொன்னது வேறு. அவர்களுக்கு சாஸ்கெட்ஸ் அந்த நிலத்தின் காவல்காரன். இந்த உலகத்துக்கும் ஆவியுலகத்துக்கும் போய்வருகிறவன். கண்டால் துரத்தக்கூடாது, வீட்டுக்கு வந்து மூத்தவர்களிடம் சொல்லவேண்டும். அதுதான் அவருடைய பாட்டி சொன்ன ஒழுங்கு.

இதே பசிபிக் கரையில் குவாக்வாக்கவாக்வ் என்ற பழங்குடி மக்களிடம் ட்ஸுனுக்வா என்ற காட்டுப் பெண் இருக்கிறாள். பிக்ஃபுட் பட்டியல் போடுகிறவர்கள் அவளையும் அதில் சேர்த்துவிடுவார்கள். முதுகில் கூடை, பிள்ளைகளைப் பிடித்துப் போட. குவிந்த உதடு, ‘ஹூ, ஹூ’ என்று கூப்பிட. சடங்கில் அவள் முகமூடி போட்டு ஆடுகிறவர் தூக்கக் கலக்கத்தில் நெருப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார். செல்வம் கொடுக்கிறவளும் அவள்தான். இதில் எங்கே இருக்கிறது குரங்கு?

சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

தோட்டத்துப் பேரன் (ஜொகூர், மலேசியா)

எங்கள் பாட்டி பேராக் மாநிலத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். 1953 கிறிஸ்துமஸ் சமயம் திரோலாக் பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பேப்பரிலும் வந்த கதைதான். மரம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெண்ணின் தோளில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். திரும்பினால் ரோமம் மூடிய உடம்பு, நீட்டிக்கொண்டிருக்கும் பல். அடுத்த ஓரிரு நாளில் நம் தமிழர் ஒருவரைப் பின்னாலிருந்து ரோமக் கைகள் கட்டிப் பிடித்தனவாம். உதறிவிட்டு ஓடி மயங்கி விழுந்தார். பாட்டி இருந்த தோட்டம் அங்கிருந்து தூரம்தான். ஆனாலும் அந்த மாதம் முழுக்கப் பெண்கள் பெரட்டு என்கிற காலை ஆள்கணக்கு முடிந்ததும் இரண்டு இரண்டு பேராகத்தான் காட்டுக்குள் இறங்கினார்களாம், பால் கத்தியை இடுப்பில் செருகாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு.

தாத்தாவுக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. அது அவசரகாலம், கம்யூனிஸ்டுகள் காட்டில் இருந்த நேரம். “வருசக் கணக்கா காட்டுல கிடந்தவன் எவன் வந்தாலும் முடியும் தாடியுமாத்தான் வருவான், அவனுக்குப் பசிக்காதா” என்பார்.

என் அனுபவம் சின்னதுதான். 2005 கடைசியில் ஜொகூரில் ‘பிக்ஃபுட்’ பரபரப்பு கிளம்பியது நினைவிருக்கலாம். மாநில அரசே தேடுதல் குழு அனுப்புவதாகச் சொன்னது, படங்கள் இருக்கின்றன என்றார்கள், கடைசியில் எல்லாம் புஸ். அந்தச் சூட்டில் நாங்கள் நண்பர்கள் நாலு பேர் எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போனோம். வழிகாட்டி ஜக்குன் இனத்து ஓராங் அஸ்லி (பழங்குடிக்காரர்), வயதானவர். ஆற்றோரம் உட்கார்ந்து மெகி நூடுல்ஸ் சாப்பிடும்போது நான் மெல்ல ஆரம்பித்தேன். காட்டு ரோம மனிதனை இங்கே மவாஸ் என்பார்கள். “பாக், மவாஸ் பார்த்திருக்கிறீங்களா?” அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, “காட்டுக்குள்ள வச்சு அதெல்லாம் கேட்கக்கூடாது. வீட்டுக்கு வந்து கேளு” என்றார். அதன் பிறகு அன்று முழுக்க அவர் என்னிடம் பேசியதெல்லாம் “கால் பத்திரம்” மட்டும்தான்.

அப்போது எனக்குக் கோபம். ஆள் ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் படித்தேன்: ஜொகூர் ஜக்குன் மக்கள் கற்பூரம் தேடிக் காட்டுக்குள் போகும்போது வழக்கமான சொற்களையே பேசமாட்டார்கள். அதற்கென்று தனி மொழி உண்டு, பந்தாங் காப்புர் என்று பெயர். விலங்குக்கும் பொருளுக்கும் மாற்றுப் பெயர். 1890-களிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். நம் கோயில் தீர்த்தத்தில் போடுகிற பச்சைக் கற்பூரம் முற்காலத்தில் அந்தச் சாதி மரத்திலிருந்து வந்த சரக்குத்தான். அப்படிப்பட்டவரிடம் ஆற்றோரத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், மடையன் மாதிரி.

இன்னொன்று. மவாஸ் என்ற சொல் ஓராங் ஊத்தானுக்கும் உண்டு. இன்று அது தீபகற்பத்தில் கிடையாது, சுமாத்ராவிலும் போர்னியோவிலும்தான். ஆனால் முன்பு இங்கேயும் இருந்தது. அதன் பல் புதைபடிவங்கள் கிடைத்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? பத்துமலை. தைப்பூசத்துக்கு நாம் காவடி தூக்கிக்கொண்டு ஏறுகிற அதே சுண்ணாம்புக் குன்று. வருசா வருசம் ஏறுகிறேன், எனக்கே 2013-க்குப் பிறகுதான் தெரியும். அது மிகப் பழைய காலத்துச் சங்கதி, ஜக்குன் கதை அதிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவரவில்லை.

நள்ளிரவு டீ

எல்லாம் கரடிதான் பாஸ். கரடி இல்லாத ஊரில் சரக்கு.

மலைக்கிறுக்கன் (கோயம்புத்தூர்)

டீக்காரரே, நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு நேபாளம் போனேன். எவரெஸ்ட் பாதையில் கும்ஜுங் என்று ஒரு ஷெர்பா கிராமம், 3,790 மீட்டர். அங்குள்ள மடாலயத்தில் எட்டி என்கிற பனிமனிதனின் தலைத்தோல் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். உண்டியலில் பணம் போட்டால் இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். கூம்பு மாதிரி, தேங்காய் நார் நிறத்தில், சொரசொரவென்று ரோமம். நடுவில் ஒரு முகடு. பத்து நொடி பார்த்தேன், டப்பென்று மூடிவிட்டார்.

1960-ல் எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி இதை இரவல் வாங்கி சிகாகோ, பாரிஸ், லண்டன் என்று கொண்டுபோனார். ஊர்ப் பெரியவர் ஒருவரும் காவலுக்குக் கூடவே போனார். ஆராய்ந்தவர்கள் சொன்னது: மலையாடு மாதிரியான செரோ என்ற விலங்கின் தோலை அச்சில் வைத்து இழுத்துச் செய்தது. 2017-ல் எட்டியினுடையவை என்று பல இடங்களில் வைத்திருந்த எலும்பு, பல், ரோமம் என ஒன்பது மாதிரிகளை மரபணு பார்த்தார்கள். எட்டு கரடி, ஒன்று நாய். ஆக டீக்காரருக்கு முக்கால் மார்க்.

ஆனால் தங்கிய லாட்ஜில் சமைத்துக்கொண்டிருந்த திதியிடம் (நேபாளியில் அக்கா) நான் பெருமையாக இதையெல்லாம் ஒப்பித்தபோது அவர் அசரவே இல்லை. உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே சொன்னார்: “ஆட்டுத் தோல்தான். ஆடுவதற்காகச் செய்தது.” எட்டி வேஷம் கட்டி ஆட, தலையில் மாட்டச் செய்த பொருள். தெருக்கூத்துக் கிரீடத்தை ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், இது ராஜாவின் தலையே இல்லை என்று கண்டுபிடித்தது மாதிரி இருந்தது எனக்கு.

‘அருவருப்பான பனிமனிதன்’ என்ற ஆங்கிலப் பெயரும் 1921-ல் கல்கத்தாப் பத்திரிகைக்காரர் ஒருவர் திபெத்தியச் சொல்லைத் தப்பாகப் பெயர்த்ததில் பிறந்தது. ஷெர்பாக்கள் எட்டியை வகைவகையாகப் பிரிப்பார்கள். மாட்டை அடிக்கிற பெரியது ஜூதே, அது கரடிதான் என்று அவர்களில் பலரே சொல்வார்கள். மீதே என்பது வேறு, மனிதன் மாதிரியானது.

அவர்கள் சொல்லும் ஒரு கதைதான் எனக்கு மறக்கவில்லை. எட்டிகள் தொல்லை தாங்காமல் ஊர்க்காரர்கள் ஒரு மேய்ச்சல் வெளியில் கூடிச் சாங் என்ற நாட்டு மதுவைக் குடித்து, மரக்கத்தியால் ஒருவரையொருவர் வெட்டுவதுபோல நடித்தார்களாம். சாயங்காலம் மிச்சச் சாங்கையும் நிஜக் கத்திகளையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். மறைந்து பார்த்துக்கொண்டிருந்த எட்டிகள் இறங்கி வந்து குடித்தன. பார்த்ததை அப்படியே செய்தன.

ஏரிக்கரையான்

கிறுக்கன் அண்ணை, இதை வாசித்துவிட்டு நேற்று எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால் எங்கள் நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு.

இலங்கையின் தென்கிழக்கில் நிட்டாவோ. மூன்றடி, நாலடி உயரம், நீள நகம், குருவி மாதிரிப் பேச்சு. வேடர் என்ற பழங்குடிகளின் வாய்வழிக் கதையாக 1886-ல் ஹியூ நெவில் எழுதினார், 1914-ல் ஃபிரடெரிக் லூயிஸ் எழுதினார். லூயிஸ் எழுதியதன்படி, லேனம வேடர்கள் கடைசி நிட்டாவோக்களை ஒரு குகைக்குள் துரத்தி, வாசலில் விறகைக் குவித்துத் தீ வைத்தார்கள். மூன்று நாள் எரிந்ததாம்.

இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் நாகே மக்கள் எபு கோகோ என்பார்கள். அதுவும் குள்ளம், ரோமம், சொன்னதைத் திருப்பிச் சொல்லும் வாய், திருட்டு. அவர்கள் கதையில் பனை மாதிரி மரத்தின் நாரைக் கொடுத்து, குகைக்குள் கொண்டுபோனதும் கொளுத்திவிட்டார்கள். 2003-ல் அதே தீவில் லியாங் புவா குகையில் மூன்றரை அடிக் குள்ள மனித இனத்தின் எலும்பு கிடைத்ததும், உலகம் முழுக்க ‘கதை நிரூபணமானது’ என்று குதித்தது. எலும்பின் வயது முதலில் 18,000 வருடம் என்றார்கள், 2016-ல் திருத்தி 60,000-க்கு மேல் என்றார்கள். அவ்வளவு காலம் ஒரு கதை தாங்குமா என்பது என் சந்தேகம். நிட்டாவோவுக்கோ ஓர் எலும்புகூட இல்லை.

ஆனால் எனக்கு உறைத்தது எலும்பு இல்லை. மூன்று இடத்திலும் கதையின் முடிவு ஒன்றுதான்: இருந்தார்கள், நாங்கள்தான் முடித்தோம். குகையில் தீ, அல்லது குடியும் கத்தியும். விலங்கைப் பற்றி இப்படிக் கதை சொல்வார்களா? புலியைக் கொன்றவன் மார்தட்டுவான். இது அப்படி இல்லை, பக்கத்து வீட்டானைக் கொன்றவன் பேரப்பிள்ளைக்குச் சொல்வதுபோல இருக்கிறது. நான் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேனோ என்னவோ.

ஸ்டஹேலிஸ் பெரியவரிடம் இதைச் சொன்னேன். தங்கள் கதையில் கொலை இல்லை என்றார். ஒரு முகமூடிதான் தொலைந்தது என்றார். அவர்கள் செதுக்கிய சாஸ்கெட்ஸ் முகமூடி ஒன்று 1930-களின் கடைசியில் ஊரைவிட்டுப் போய் வான்கூவர் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2014-ல்தான் திரும்பி வந்தது. “எழுபது வருசத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். சனமெல்லாம் காட்டில் போய்த் தேடியது” என்று சொல்லிச் சிரித்தார்.

ஜூன் மாதம் ஹாரிசனில் சாஸ்க்வாட்ச் விழா நடக்கும், 1938-ல் தொடங்கியது, நடுவில் நின்று திரும்பவும் நடக்கிறது. இந்த முறை மகனையும் கூட்டிப்போனேன். பெரியவர் அங்கே சால்மன் வாட்டும் இடத்தில் நின்றார். மகன் நேரே போய், “நீங்கள் கண்டிருக்கிறீர்களா?” என்று கேட்டேவிட்டான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“பசிக்கிறதா?” என்றார். தட்டை நீட்டினார்.