மறு: "வெப்பச் சாவு" என்பதற்கு வேறு சொல்

குழுவினருக்கு வணக்கமுங்க.

தாராபுரத்து டீச்சர் கேட்டதற்கு நேராகவே வருகிறேன். பள்ளி அறிவியல் மலருக்கு அண்டத்தின் முடிவைப் பற்றி எழுதுகிறார். எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்து மேற்கொண்டு எதுவும் நடக்காமல் போகும் முடிவை ஆங்கிலத்தில் heat death என்பார்கள். அதற்கு "வெப்பச் சாவு" என்று போட்டால் பிள்ளைகள் எல்லாம் வெந்து சாகப் போகிறது என்று புரிந்துகொள்கிறார்கள், வேறு சொல் கொடுங்கள் என்கிறார். அதற்குப் பொள்ளாச்சி அண்ணன் எழுதியது:

> "வெப்ப ஊழி" என்று வைத்துவிடலாம். ஊழி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணா, ஊழி நல்ல சொல்தானுங்க, ஆனால் இந்த இடத்தில் ஒட்டாது. ஊழி என்றதும் காற்றும் தீயும் வெள்ளமும் சேர்ந்து எல்லாவற்றையும் புரட்டிப் போடுவதுதான் கண்முன்னால் வரும், அது ஓய்ந்ததும் மறுபடி படைப்பு தொடங்கும் என்ற எண்ணமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாம் பேர் வைக்கப் பார்ப்பதோ ரொம்ப மெதுவாக நடப்பது, திரும்பி வராதது. சூரியனுக்கு இன்னும் 500 கோடி ஆண்டு இருக்கிறது. சூரியனைவிடச் சின்னதாகவும் மங்கலாகவும் இருக்கும் செங்குறு விண்மீன்களில் இருப்பதிலேயே சின்னவை சிக்கனமாக எரிவதால் 10 லட்சம் கோடி ஆண்டுகூடத் தாங்கும், அண்டத்துக்கு இதுவரை ஆன வயதே 1380 கோடிதான் என்பதை வைத்துப் பாருங்கள். 1-க்குப் பின்னால் 14 சுழியம் போட்டால் வரும் ஆண்டுக்கணக்கில் புது விண்மீன் பிறப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அப்புறம் மிஞ்சுவது எரிந்து முடிந்த விண்மீன்களின் மிச்சங்களான வெண்குறு விண்மீன், நியூட்ரான் விண்மீன், கருந்துளை இவைதான். 1974-ல் இயற்பியலாளர் ஹாக்கிங் காட்டியபடி கருந்துளையும் கசிந்து கசிந்து தீரும், சூரியன் அளவு எடையுள்ள ஒன்று தீர 67 சுழியம் போட வேண்டும், மிகப் பெரியவற்றுக்கு 100 சுழியம்.

"வெப்பம்", "சாவு" இரண்டு சொல்லுமே ஏன் தப்பான பக்கம் இழுக்கின்றன என்பதற்கு அந்தப் பேர் வந்த காலத்தைப் பார்க்க வேண்டும். 1852-ல் இயற்பியலாளர் கெல்வின், வேலை செய்யும் ஆற்றல் வெப்பமாகச் சிதறிக்கொண்டே போகிறது என்று எழுதினார். இரண்டு வருடம் கழித்து ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை அண்டம் முழுவதுக்கும் நீட்டினார். 1865-ல் கிளாசியஸ், அண்டத்தின் ஆற்றல் மாறாது, என்ட்ரோபி (ஆற்றல் எவ்வளவு பரவிச் சிதறிவிட்டது என்பதன் அளவு) உச்சத்தை நோக்கிப் போகும் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். அப்போது அண்டம் விரிகிறது என்பதே யாருக்கும் தெரியாது, ஹப்பிள் அதைக் காட்டியது 1929-ல். விரிகிற அண்டத்தில் வெப்பம் பரவுவது மட்டுமில்லை, தணிந்துகொண்டும் போகும். பெருவெடிப்பின் மிச்சக் கதிர்வீச்சே இன்றைக்கு வெறும் 2.7 கெல்வின்தான், அதாவது சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 270 டிகிரி செல்சியஸ். ஆக அந்தப் பேரில் இருக்கிற "வெப்பம்" அந்தக் காலத்துக் கணக்கு, அதைத் தமிழுக்கும் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை என்பது என் கட்சி.

பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால் நான் கவுந்தப்பாடிப் பக்கத்துக் கரும்பாலையைத்தான் காட்டுவேன். பாகு காயும்போது கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்க முடியாது, அடுப்புக்குள் சக்கையைத் தள்ளுகிறவர் துண்டை நனைத்துத் தலையில் போட்டிருப்பார். வேலை முடிந்து அடுப்பை விட்டுவிட்டால் விடியும்போது கொப்பரை, அடுப்புக்கல், கொட்டகைக் காற்று எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்திருக்கும். வெப்பம் எங்கேயும் தொலையவில்லை, பரவிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அதை வைத்து ஒரு டம்ளர் டீத்தண்ணிகூடச் சுட வைக்க முடியாது. வேறுபாடு இருந்தால்தான் ஆற்றல் வேலை செய்யும். அண்டத்துக்கு வரப்போவதாகச் சொல்லப்படும் முடிவும் இதுதான், இல்லாமல் போவது ஆற்றல் இல்லை, வேறுபாடு.

அதனால் என் சொல்: பெருந்தணிவு.

"குளிர்வு", "உறைவு" என்றால் வெப்பநிலை இறங்குவதை மட்டும் சொல்லும். தணிவது அப்படியில்லை, சூடும் தணியும், காய்ச்சலும் தணியும், கோபமும் வேகமும் தணியும், ஏற்றம் இறக்கம் அடங்கி ஒரு மட்டத்துக்கு வருவது அதற்குள் இருக்கிறது. பெருவெடிப்பு என்பது ஏற்கெனவே நிலைத்த சொல், அதற்குப் பக்கத்தில் வைத்தால் தொடக்கமும் முடிவும் ஒரே சாயலில் நிற்கும். வாக்கியத்தில் போட்டும் பார்த்தேன்: "அண்டம் பெருந்தணிவை நோக்கிப் போகிறது", "பெருந்தணிவுக் கொள்கை". இடறவில்லை. "வெப்பச் சமநிலை" போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார், அது பாடப்புத்தகத்தில் இரண்டு பொருளுக்கு நடுவே வருகிற சாதாரண நிலைக்குப் பயன்படுகிறது, அதற்கே இருக்கட்டும்.

மற்ற முடிவுகளுக்கும் சேர்த்தே வைத்துவிடுவது நல்லது. விரிவு நின்று எல்லாம் திரும்பிச் சுருங்குவதைப் பேரொடுக்கம் எனலாம். சைவ சித்தாந்தத்தில் உலகம் ஒடுங்கி மறுபடி தோன்றுவதைச் சொல்லப் பழகின சொல், சுழற்சி பேசுகிறவர்களுக்கும் உதவும், அண்ணனுடைய ஊழிக்கும் இதுதான் சரியான வீடு. அண்டத்தின் விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருள் ஆற்றல் வலுத்துக்கொண்டே போய் விண்மீன்கூட்டத்திலிருந்து அணு வரைக்கும் பிய்த்தெறிவதற்குப் பெருங்கிழிவு.

இதில் எது நடக்கும் என்று கட்டுரையில் அடித்துச் சொல்ல வேண்டாம் டீச்சர். விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டதிலிருந்து (2011-ல் அதற்கு நோபல்) பெருந்தணிவுதான் முன்னால் நிற்கிறது. ஆனால் அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்து விண்மீன்கூட்டங்களை அளந்து அண்டம் விரிந்த விதத்தைக் கணக்கிடும் டெசி (DESI) கருவியின் 2024, 2025 முடிவுகள், இருள் ஆற்றல் காலப்போக்கில் தளர்கிறதோ என்று சந்தேகம் கிளப்பியிருக்கின்றன. உறுதி என்று சொல்லும் அளவுக்கு இன்னும் போகவில்லை. தளர்வது உண்மையானால் கடைசிப் பக்கத்தையே திருத்தி எழுத வேண்டி வரலாம், எனக்கு இதைவிட ஆவலாக இருக்கும் செய்தி இப்போது வேறில்லை.

இன்னொன்று, மலரில் ஊட்டி முத்தோரை ரேடியோ தொலைநோக்கியின் படம் ஒன்று போடுங்கள். 530 மீட்டர் நீளம், அந்த ஊர் அட்சரேகைக்குச் சமமாக 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டினது, அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகவே நிற்கிறது. அண்டம் காலத்தோடு மாறிவருகிறது என்பதற்கான சான்றுகளில் அங்கே எடுத்த அளவீடுகளும் உண்டு. மேட்டுப்பாளையம் ஏறினால் பார்த்துவிடலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

கோவையிலிருந்து கலைக்கதிர் என்ற அறிவியல் இதழ் வந்த காலத்தில் இப்படி ஒவ்வொரு சொல்லையும் வாக்கியத்தில் ஓட்டித்தான் நிலைக்க வைத்தார்கள், நாமும் அப்படியே செய்வோம். "பெருந்தணிவு" வேண்டாம் என்கிறவர்கள் வேறு சொல்லோடு, அது வருகிற இரண்டு வாக்கியத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மலர் அச்சுக்குப் போவதற்குள் டீச்சருக்குச் சொல்லியாக வேண்டும்.