புதுப்பிப்பு: எங்கள் தெருவில் சோதனைக் குழி வெட்டிவிட்டார்கள்

சென்னையில் உள்ள எங்கள் இணைப்புத் தெருவில் பழைய தாருக்கு மேலேயே புதுத் தார் போடப் போகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். முதலில் ஆய்வு, பிறகுதான் வேலை என்று இப்போது முடிவாகியிருக்கிறது. நிம்மதி.

மேன்ஹோலுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். குழியின் பக்கவாட்டில் தார் அடுக்கடுக்காகத் தெரிந்தது. நடுவில் ஓர் அடுக்கில் பழைய வேகத்தடையின் வெள்ளைப் பெயின்ட் அப்படியே இருந்தது. அடியில் ஜல்லி, அதற்கும் கீழே நசநசவென்று களிமண். அந்த மண்ணை, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கும் சி.பி.ஆர். சோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்த பிறகே பலம் பார்ப்பார்கள். குறுக்கு வழி என்று லாரிகள் நுழையும் தெருவுக்கு இது மிக அவசியம்.

சாலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து மட்டமும் எடுத்தார்கள். என் கவலையெல்லாம் இதில்தான். சாலை உயர உயர எங்கள் வாசற்படிகள் பள்ளத்தில் போய்விட்டன. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருந்தார். தெருவின் நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு, இரண்டரை சதவீதச் சரிவு வேண்டும். இங்கே மழைத் தண்ணீர் வடிகாலை விட்டுவிட்டு வீட்டுக்குள் வருகிறது!

கழிவுநீர்க் குழாயை இன்னும் யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் தார் போட்டால் புதுச் சாலையையே தோண்டுவார்கள். அதற்காக மனு எழுதி வைத்திருக்கிறேன். தெருக்காரர்கள் கையெழுத்திட வாருங்கள்; வெள்ளம் ஏறிய படம் இருந்தால் கொண்டுவாருங்கள்.