தந்தைக்கான நினைவுக் குறிப்பில், அவர் வழிநடத்திய பிள்ளைகளைப் பற்றி எந்த அளவுக்கு எழுதலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை அண்மையில் காலமானார். வேலை முடிந்தால் வீடு, வீட்டுக்கு வந்தால் நாங்கள் என்று வாழ்ந்த அவர், சிறார் சீர்திருத்த இல்லத்திலிருந்து வெளிவந்தவர்கள், போதைப் பழக்கத்தில் சிக்கியவர்கள், படிப்பைப் பாதியில் விட்டு வீட்டாரோடு முறுக்கிக்கொண்டு அலைந்தவர்கள் என எத்தனையோ பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் வழிகாட்டியாகவும் இருந்தார். அவருடைய நாட்குறிப்பைப் புரட்டினால், அம்மாவின் மாத்திரை நேரமும் என் மகளின் தேர்வுத் தேதியும் யாரோ ஒரு பையனின் வழக்கு விசாரணை நாளும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன.

நினைவேந்தல் கூட்டத்தில் வாசிக்க வேண்டிய குறிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அப்பா கைதூக்கிவிட்ட பிள்ளைகளை மேடையேற்றி, முன்பு எப்படி இருந்தார்கள், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்கிறார் சித்தப்பா. அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த நேரமெல்லாம் எங்களிடமிருந்து எடுத்தது என்ற மனக்குறை தம்பிக்கு உண்டு. "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பதெல்லாம் சொல்வதற்கு நன்றாக இருக்கும், அக்கா" என்கிறான். குறிப்பில் குடும்பம் மட்டும் போதும் என்பது அவன் கட்சி. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

முதல் மறுமொழி

ஆழ்ந்த இரங்கல்கள். சிறார் நலப் பணியில் இருப்பவன் என்ற முறையில், சித்தப்பாவின் யோசனை வேண்டாம் என்றே சொல்வேன். குற்றம் சாட்டப்பட்ட குழந்தையின் அந்தரங்கம் விசாரணையின் எல்லாக் கட்டங்களிலும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்று, 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை அதன் 40ஆம் பிரிவில் கூறுகிறது. நினைவுக் கூட்டம் என்ன நீதிமன்றமா என்று சித்தப்பா கேட்கலாம். ஆனால் அங்கே யாரோ கைபேசியில் எடுக்கும் காணொளி, அந்தப் பையனுக்கு வேலை கொடுத்தவர் கண்ணில் படாது என்று யார் உறுதி சொல்வது? துக்க வீட்டில் முகத்துக்கு நேரே கேட்டால் மறுக்கவும் வாய் வராது. விருப்பமுள்ளவர்கள் பெயரிடாமல் எழுதித் தரலாம் என்று பொதுவாகத் தெரிவித்துவிட்டு, வந்ததை மட்டும் வாசியுங்கள். நாட்குறிப்பையும் பார்வைக்கு வைக்காதீர்கள்.

இரண்டாம் மறுமொழி

உங்கள் தந்தையை நான் அறியேன். ஆனால் அவரைப் போன்ற ஒருவரின் கையைப் பிடித்துக் கரையேறியவன் நான். என் முதல் வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பியபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்பு வழக்கு ஏதேனும் உண்டா என்ற கட்டத்தில் என் பேனா நின்றுவிட்டது. எழுது என்றும் அவர் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நானாக வாயைத் திறக்கும் வரை காத்திருந்தார். எத்தனை பேரைத் திருத்தினார் என்ற கணக்கை விட்டுவிட்டு, உங்கள் தந்தை எப்படிக் காது கொடுத்துக் கேட்டார், எதற்குக் கோபப்பட்டார் என்று எழுதினால், வந்திருக்கும் பிள்ளைகள் தலைகுனியாமல் கேட்பார்கள்.

தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மனைவியோடு கருத்து வேறுபட்டாலும் குரலை உயர்த்தாத கணவரையும், மகன் எதிர்த்துப் பேசினால் கை ஓங்காமல் பதில் சொல்லும் தகப்பனையும் நான் முதன்முதலாகப் பார்த்தது என் வழிகாட்டியின் வீட்டில்தான். அறிவுரைகளில் பாதி மறந்துவிட்டது. அந்த வீடு மறக்கவில்லை. குடும்பத்தைத் தனியாகவும் எங்களைத் தனியாகவும் வைத்து அவரைப் பற்றி எழுத என்னால் முடியாது, ஏனென்றால் அவர் எங்களுக்குக் கொடுத்ததில் பெரும்பகுதி அவர் பிள்ளைகளுடையது. தம்பியின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. அதையும் குறிப்பில் எழுதலாம்.

மூன்றாம் மறுமொழி

எல்லோரும் கூட்டத்தைப் பற்றியே பேசுகிறோம். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. இறக்கும் வரை அவரிடம் வந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்குச் செய்தி முறையாகச் சொல்லப்பட்டதா? வழிகாட்டிகளின் உறவு எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதைப் பற்றி ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்கு மேல் தொடர்ந்த உறவுகள் அதிக நன்மை தந்ததும், மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் இளையோரின் தன்மதிப்பு சரிந்ததும் தெரியவந்தன. மரணம் என்பது கைவிடுதல் அல்லதான். ஆனால் ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்ட பிள்ளைக்கு, திடீரென்று தொலைபேசியை எடுக்காமல் போன ஒருவர் எப்படித் தோன்றுவார் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் தந்தை ஏதேனும் அமைப்போடு சேர்ந்து இதைச் செய்திருந்தால், அவர்களைக் கொண்டு அடுத்த துணையை ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பொறுப்பை நீங்களே சுமக்க வேண்டியதில்லை. இரக்கத்தில் ஏற்று இடையில் விடுவது இன்னும் மோசம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மேடையேற்றும் யோசனையைச் சித்தப்பா ஒருவழியாகக் கைவிட்டார். பதிலுக்கு, தலைமையுரை அவருடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டாம் மறுமொழியைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, பிறகு, குறிப்பில் ஒரு பத்தியைத் தானே எழுதுவதாகவும், அதில் குறையும் வரும் என்றும் சொன்னான். வரட்டும் என்றேன். பெயரில்லாத கடிதங்களுக்கு அம்மா ஒரு பெட்டியை எடுத்து வைத்திருக்கிறார். அப்பா சேர்ந்து பணியாற்றிய அமைப்பின் ஒருங்கிணைப்பாளரை நாளைக் காலையில் சந்திக்கிறேன்.