இட்லிப் பானையில் சாக்லேட் கேக்: நடுப்பகுதி வேகவில்லை

கேள்வி:
வீட்டில் ஓவன் இல்லாததால், மகளின் பிறந்தநாளுக்காக இட்லிப் பானையில் சாக்லேட் கேக்கை ஆவியில் வேகவைத்தேன். ஓரங்கள் பஞ்சு போல வந்தபோதும், மேற்புறம் முழுவதும் நீர் சொட்டிக் குழிகுழியாகி, நடுப்பகுதி களி போல நின்றுவிட்டது. 1 கப் மைதாவுக்குக் கால் கப் கோகோ, அரை கப் தயிர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்திருந்தேன். பிழை எங்கே என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1:
அளவில் குறையில்லை, சகோதரி. மூடியில் பட்டுக் குளிரும் ஆவி நீராகிக் கேக்கின் மேல் சொட்டுவதுதான் காரணம். மூடியைப் பருத்தித் துணியால் இறுகச் சுற்றி, முனைகளை மேலே முடிச்சிட்டுவிடுங்கள். 6 அங்குலப் பாத்திரத்தில் பாதியளவுக்கு மேல் மாவு ஊற்றாமல், நீர் நன்றாகக் கொதித்த பின்னரே உள்ளே வைத்து, மிதமான தீயில் 40 நிமிடம் வேகவிட வேண்டும். முதல் 30 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது.

பதில் 2:
தயிரின் புளிப்பு பட்டதும் சோடா குமிழ்விடத் தொடங்கிவிடும் என்பதால், கலந்த மாவைக் காத்திருக்க விடாதீர்கள். கோகோவை முதலில் கொதிநீரில் குழைத்துக்கொண்டால் மணம் தூக்கலாக இருக்கும். இதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. ஆவியின் வெப்பம் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடுவதால் மேல்தோல் முறுகாது. அந்த மென்மையை வேகாத மாவு என்று எண்ணிவிட வேண்டாம்.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மறுபடி செய்தேன். துணி முழுவதும் நனைந்திருந்தது. கேக்கின் மேல் ஒரு துளிகூட இல்லை, குத்திப் பார்த்த ஈர்க்குச்சியும் மாவு ஒட்டாமல் வந்தது.