பழைய சேத்தக்குக்கு 2டி ஆயில் லிட்டருக்கு 20 மில்லியா, 40 மில்லியா?

சேலத்துச் சேத்தக்:
வணக்கம். போன மாதம் 1997 மாடல் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன், பெட்ரோலோடு 2டி ஆயில் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக் வண்டி. நாலு வருஷம் மாட்டுக்கொட்டகையில் நின்ற வண்டி. கார்புரேட்டரைக் கழுவி பிளக் மாற்றியதும் ஆறாவது கிக்கில் எடுத்துக்கொண்டது. தினமும் வேலைக்கு 18 கி.மீ., மாதம் இரண்டு முறை ஏற்காடு. ஒரு மெக்கானிக் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் ஊற்று, ஆயுசுக்கும் இருக்கும் என்கிறார். இன்னொருவர் 20-ஐத் தாண்டவே கூடாது என்கிறார். இப்போதைக்கு 40 ஊற்றுகிறேன். காலையில் எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிற அளவுக்குப் புகை. இன்னும் பத்து வருஷமாவது ஓட்ட ஆசை. யார் சொல்வதைக் கேட்பது?

செவ்வாப்பேட்டை:
40 ஊற்றுங்கள் தம்பி. எங்கள் வீட்டு வண்டி 1989-ல் அப்பா எடுத்தது. இதுவரை ஒரே ஒரு ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவது). நாலு ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாகக் கிடக்கும், இதில் அப்படி இல்லை. பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாவற்றுக்கும் சாப்பாடு. தேய்ந்த இன்ஜினுக்குச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது. சைலன்சரை வருஷம் ஒருமுறை கழற்றிச் சுட்டு எடுத்தால் புகைக்கரி போய்விடும்.

லேத்துப்பட்டறை:
அண்ணே, உங்கள் வண்டி ஓடுவது நீங்கள் அதைக் கவனிக்கிற விதத்தால். 40 மில்லியால் இல்லை என்பது என் கருத்து. ரீபோருக்கு வரும் பிஸ்டன்களைத் தினமும் கையில் பிடிக்கிறவன் நான். போன வாரம் ஒன்று வந்தது. மேலே கரி கெட்டியாகப் படிந்து, விரல் வைத்தால் ஆயில் ஒட்டுகிறது. ஆனால் சைலன்சர் போர்ட் பக்கம் அலுமினியம் இழுபட்டு ரிங்கை அப்படியே மூடியிருந்தது. ஆயில் பட்டினியில் செத்த பிஸ்டன் இல்லை அது, சூட்டில் செத்தது.

விசாரித்தால், சிலிண்டர் மேல் இருக்கும் கூலிங் கவரை யாரோ எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டார்கள். சேத்தக்கில் இன்ஜின் மூடிக்குள் இருக்கிறது. ஃப்ளைவீல் விசிறி அடிக்கும் காற்றை அந்தக் கவர்தான் சிலிண்டரைச் சுற்றியிருக்கும் சூடு ஆற்றும் இதழ்களுக்குத் திருப்பிவிடும். அது இல்லாமல் எவ்வளவு ஆயில் ஊற்றியும் பயன் கிடையாது.

இன்னொன்று, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் வழியாகப் போகும் அளவு மாறுவதில்லை. அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் கலவை மெலியும், சூடு ஏறும்.

செவ்வாப்பேட்டை:
கவர் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லிட்டரில் 20 மில்லி கூடினால் பெட்ரோல் 2 சதவீதம்தானே குறைகிறது? அதிலா பிஸ்டன் உருகும்?

லேத்துப்பட்டறை:
அது மட்டும் என்றால் உருகாது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1997-ல் போட்ட ஜெட்டோடு அதை எரித்தால் கலவை ஏற்கெனவே மெலிந்துதான் இருக்கும். நாலு வருஷம் நின்ற வண்டியில் கிராங்க் ஆயில் சீல் ரப்பரும் இறுகியிருக்கும். ஃப்ளைவீல் பக்கத்து சீல் வழியாகக் காற்று உள்ளே போனால் இன்னும் மெலியும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது அந்த 2 சதவீதமும் கணக்கில் வரும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் தானாக ஏறி நிற்கிறதா பாருங்கள். நின்றால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

மலைப்பாதை:
ஏற்காடு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். ஏறும்போது எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இறங்கும்போது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி இரண்டாவது கியரில் இறக்கினால், பெட்ரோல் அவ்வளவாகப் போகாது, அதோடு வரும் ஆயிலும் அப்படித்தான். பிஸ்டன் மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு ஒருமுறை கிளட்ச்சைப் பிடித்து ஒரு சின்ன முறுக்கு கொடுங்கள். இன்ஜின் நனையும்.

செவ்வாப்பேட்டை:
இதற்காகத்தானே 40 என்கிறேன்! மூடிய ஆக்ஸிலேட்டரிலும் கொஞ்சம் கசிந்து போகும் இல்லையா, அதில் ஆயில் இரட்டிப்பாக இருக்கட்டுமே.

லேத்துப்பட்டறை:
நியாயம். மலைக்குப் போகிற டேங்குக்கு மட்டும் 30 ஊற்றுங்கள், நான் மறுக்கவில்லை. ஊருக்குள் 20 போதும், ஆனால் நல்ல ஆயிலாக இருக்கவேண்டும். டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று தரக்குறியீடு போட்டிருக்கும். படகு இன்ஜின் ஆயில் விலை மலிவு என்று வாங்கவேண்டாம். அது தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கானது. ஆயிலை நேராக டேங்கில் ஊற்றினால் கனத்தில் அடியில் இறங்கிவிடும், பெட்ரோல் வெளியேறும் குழாய்த் திருகும் அங்கேதான் இருக்கிறது. ஒரு கேனில் பெட்ரோலோடு குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

தம்பி, உங்கள் புகை எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கியர் ஆயிலை இறக்கி அளந்து பாருங்கள்.

சேலத்துச் சேத்தக்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வண்டியைச் சூடாக்கி கியர் ஆயிலை இறக்கினேன். 250 மில்லி இருக்கவேண்டிய இடத்தில் அளவுக் கோப்பையில் 110 தான் வந்தது. கீழே ஒரு சொட்டுகூடக் கசிவு இல்லை. எங்கே போயிருக்கும்?

லேத்துப்பட்டறை:
புகையாகப் போயிருக்கிறது. கிளட்ச் பக்கத்து சீல் போய்விட்டது, கிராங்க் கேஸ் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. இன்ஜினைப் பிரிக்கும்போது இரண்டு பக்க சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். அப்புறம் கிளட்ச் அந்த ஆயிலில்தான் முங்கி ஓடுகிறது, அதனால் சாதாரண எஸ்ஏஇ 30 கெட்டி ஆயில் ஊற்றினால் போதும். இப்போதைய கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

செவ்வாப்பேட்டை:
சீல் இரண்டும், கேஸ்கெட்டும் நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள் தம்பி, இதில் மிச்சம் பிடிக்கவேண்டாம். ஃப்ளைவீலைக் கழற்ற அதற்கான புல்லர் என்னிடம் இருக்கிறது. சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணிவிடும். ஞாயிற்றுக்கிழமை செவ்வாப்பேட்டை பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போகலாம். ஓடவிட்ட பிறகு முதல் டேங்குக்கு மட்டும் 40. அதில் நான் இறங்கமாட்டேன்.

லேத்துப்பட்டறை:
முதல் டேங்குக்குச் சரி அண்ணே. பிரித்த கையோடு சிலிண்டரின் உள்துளையான போரையும் ஒருமுறை அளந்துவிடலாம், சிலிண்டரை என்னிடம் கொடுத்தனுப்புங்கள்.